ஏரிக்கரை விடுமுறை: கோலாலம்பூர், பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது கடற்கரையா, கேமரன் மலையா என்று பேசித் தீர்க்கும் குடும்பங்களுக்கு ஏரி என்பது கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. அப்படியே நினைவுக்கு வந்தாலும், யாரோ எடுத்த அழகான படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு, குளிக்க முடியாத ஏரியாகவோ, பாட்டி ஏற முடியாத படகுத்துறையாகவோ, மழையில் மூடிக் கிடக்கும் அருவியாகவோ அது இருந்துவிடுகிறது. இந்த ஏமாற்றங்களைத் தவிர்க்க உதவும் கேள்விகளும் விடைகளும் கீழே உள்ளன.

மலேசியாவில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. அப்படியிருக்க, எந்த மாதங்களில் ஏரிக்குப் போவது நல்லது?

வெயில் ஆண்டு முழுவதும் இருப்பதால் நாம் கணக்கிட வேண்டியது மழையைத்தான். நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அதன் முதற்பாதியில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களில் கனமழையும் வெள்ளமும் வழக்கம். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ராவின் மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுவதால், தீபகற்பத்தில் அக்காலத்தில் மழை குறைவு. ஆண்டின் நடுப்பகுதியில் வரும் பள்ளி விடுமுறை இந்தக் காலத்தோடு பொருந்தி வருவது நம் நற்பேறு.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஜூலைக்குப் பிறகு சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்துவிடும். அக்கரை தெரியாத ஏரியைப் பார்க்க ஐந்து மணி நேரம் கார் ஓட்டிச் செல்வதில் பொருளில்லை. மற்றது தீபாவளி விடுமுறை. தீபாவளி அக்டோபர் பிற்பாதியிலோ நவம்பர் முற்பாதியிலோ வருவதால், அப்போது கிழக்குக்கரைப் பருவமழையின் வாசலில்தான் நாம் நிற்போம். தீபாவளிக்குப் பிந்திய நாட்களில் கென்யிர் ஏரிக்குப் போக நினைப்பவர்களை மேற்குக்கரையை நோக்கித் திருப்பி விடுவதே என் வழக்கம். ஆனால் பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மேற்குக்கரையிலும் பிற்பகல் இடிமழை அதிகம் என்பதால், படகில் ஏறும் வேலையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அந்த ஏரி எப்படி உண்டானது என்பதை. தங்கும் விடுதியின் வசதியையும் விலையையும் விட இந்த ஒரு செய்தியே உங்கள் விடுமுறை எப்படி அமையும் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடும்.

தீபகற்பத்தின் பெரிய ஏரிகள் பெரும்பாலும் அணைகளால் உண்டானவை. திரங்கானுவின் கென்யிர், பேராக்கின் தெமெங்கோர், செண்டரோ, கெடாவின் பெடு ஆகிய எல்லாமே ஆற்றை மறித்துத் தேக்கிய நீர். மலைப்பள்ளத்தாக்கு மூழ்கியபோது மேலே எஞ்சிய குன்றுகளின் தலைகளே இன்று தீவுகளாகத் தெரிகின்றன. அதனால் இந்த ஏரிகளில் மணற்கரை கிடையாது. இரண்டடி இறங்கினாலே ஆழம் தொடங்கிவிடும். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் நீருக்கு மேலும் கீழும் நிற்பதால், வழி தெரிந்த படகோட்டி இல்லாமல் சுற்றக்கூடாது. மின் உற்பத்திக்கோ பாசனத்துக்கோ நீர் திறந்துவிடப்படுவதால் நீர்மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். மழை குறைந்த மாதங்களில் கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை ஒன்று வெளியே தெரியும். விளம்பரப் படங்களில் அதைக் காட்டமாட்டார்கள். வறண்ட காலத்தில் போனால் வானம் தெளிவாக இருக்கும், கரை அழகு குறையும் என்ற இந்த முரணை ஏற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

இயற்கையாக அமைந்தவை மிகச் சில. பகாங்கின் பெராவும் சினியும் ஆழம் குறைந்த சதுப்பு ஏரிகள். இலைச்சருகின் சாறு இறங்கிய நீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். பறவையையும் தாவரத்தையும் மெதுவாகப் பார்ப்பவர்களுக்கு ஏற்ற இடங்கள் இவை. நீர் விளையாட்டை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏற்றவை அல்ல. மூன்றாவது வகை, ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டானவை. தைப்பிங் ஏரிப் பூங்காவும், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் எனப் பெயர்பெற்றிருந்த சுங்கை பெசி மைன்ஸ் ஏரியும் இவ்வகை. கடைசியாக, நகரத்துக்கென்றே திட்டமிட்டு அமைத்தவை. புத்ராஜெயா அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப எந்த ஏரி?

புத்ராஜெயா. நகருக்குள் தித்திவங்சா ஏரி இருக்கிறது, பழைய ஏரித்தோட்டமான பெர்டானா தாவரவியல் பூங்கா இருக்கிறது. மாலை நடைக்கு அவை போதும், விடுமுறை என்ற உணர்வை அவை தருவதில்லை. புத்ராஜெயா ஏரி ஏறத்தாழ 400 ஹெக்டேர் பரப்புள்ளது. அதற்கு மேற்புறம் நாணலும் கோரையும் வளர்த்து அமைத்த ஈரநிலத்தின் வழியாக நீர் வடிந்து, கழிவுச் சத்துகளை இழந்து ஏரிக்குள் வருகிறது. இந்த ஈரநிலப் பூங்காவில் காலை ஏழரைக்கு நடக்கத் தொடங்கினால் நாரைகளையும் கொக்குகளையும் காணலாம். பத்து மணிக்குப் பிறகு வெயில் நிற்கவிடாது. பாலங்களின் கீழே செல்லும் படகுச் சவாரியை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. கார் இல்லாதவர்கள் எம்.ஆர்.டி. ரயிலிலேயே புத்ராஜெயா வரை சென்றுவிடலாம். நிலையத்திலிருந்து ஏரிக்கரை செல்ல மட்டும் வாடகை வண்டி தேவைப்படும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு அருகில் என்ன இருக்கிறது?

தீவிலுள்ள ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளும் பெருநிலத்திலுள்ள மெங்குவாங் அணையும் குடிநீருக்கானவை. கரையில் நடக்கலாம், படம் எடுக்கலாம், அவ்வளவே. வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஒன்று பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், கெராச்சுட் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள சிறு ஏரியில் அடியில் உப்புநீரும் மேலே நன்னீரும் ஒன்றோடொன்று கலக்காமல் இரு படலங்களாக நிற்கின்றன. மேல்நீர் குளிர்ந்தும் அடிநீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆனால் அது ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பதில்லை. மழையில்லாத காலத்தில் காட்டுவழியே ஒன்றரை மணி நேரம் நடந்து போய்ச் சேற்றுத் தரையைப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. பூங்கா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

குடும்பமாகப் போக, நான் பினாங்குக்காரர்களுக்குத் தயங்காமல் சொல்லும் இடம் தைப்பிங். நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலும் உண்டு. கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தை 1880களில் பூங்காவாக மாற்றினார்கள். மலாயாவின் முதல் பொதுப்பூங்கா அது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் நூற்றாண்டைக் கடந்தவை. சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி நீரைத் தொடுகின்றன. பின்னால் லாருட் மலை நிற்பதால் மேகம் முட்டி மழை கொட்டும். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஊர் என்பதால் குடையில்லாமல் அங்கே போவது வீம்பு. மலாயாவின் முதல் ரயில்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் போடப்பட்டது. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் அந்த ஊரில் இருப்பதால், மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

இரண்டு, மூன்று இரவு தங்குவதென்றால் கென்யிரா, தெமெங்கோரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இரண்டும் அணை ஏரிகள், இரண்டும் மழைக்காட்டின் நடுவே, இரண்டிலும் படகு வீடுகள். ஆகவே ஒன்று போலவே மற்றதும் என்று எண்ணிவிடுகிறோம்.

கென்யிர் அளவில் பெரியது. 155 மீட்டர் உயர அணை 1985இல் நிறைவடைந்து உண்டான அந்த நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 340 தீவுகள் இருப்பதாகக் கணக்கு. லாசிர், சாவோக் முதலிய அருவிகள், கற்கால மனித எலும்புகள் கிடைத்த பேவா குகை, கெலா மீன்களுக்குக் கையால் இரை ஊட்டக்கூடிய காப்பகம் என்று நாள் முழுவதும் ஏதாவது செய்துகொண்டிருக்கலாம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்குக் கென்யிரே சரி. கோலாலம்பூரிலிருந்து கிழக்குக்கரை விரைவுச்சாலையில் அஜில் வரை சென்று, கோலா பெராங் வழியாகக் கவி படகுத்துறையை அடைய ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றன. படகு வாடகையே செலவில் பெரும்பங்காகிவிடுவதால், நான்கு பேராகப் போனால் தலைக்கு ஆகும் தொகை கனக்கும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும்.

தெமெங்கோர் அமைதியானது. 1970களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டான அந்த ஏரியின் வடபகுதி, 2007இல் அறிவிக்கப்பட்ட ராயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் செல்கிறது. மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளையும் காணக்கூடிய காடு அது. ராஃப்ளேசியா மலரும் அங்கே பூக்கும். மலர்ந்த பிறகு ஒரு வாரம்கூட நிற்காத பூ அது என்பதால், கட்டாயம் பார்க்கலாம் என்று உறுதி கூறும் முகவரை நம்ப வேண்டாம். ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் கரையில் உள்ளன; அவர்கள் அங்கே வாழ்பவர்கள் என்பதை மனத்தில் வைத்து, கேட்காமல் படம் எடுப்பதைத் தவிர்ப்பது மரியாதை. பூங்காவுக்குள் செல்ல முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும். படகு முகவர் அதைப் பெற்றுத்தருவார். அதற்கு எல்லாருடைய அடையாள அட்டை விவரங்களையும் முன்னதாக அனுப்ப வேண்டியிருப்பதால், வியாழக்கிழமை முடிவெடுத்து வெள்ளிக்கிழமை கிளம்பும் பயணமாக இதை வைத்துக்கொள்ள முடியாது.

பினாங்குக்காரர்களுக்குத் தெமெங்கோர் தெளிவான தெரிவு: கூலிம், பாலிங் வழியாகக் கிரிக் சென்று, அங்கிருந்து கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் படகுத்துறை உள்ள பண்டிங் தீவை அடையலாம். அந்தச் சாலையில் இருட்டிய பிறகு யானைகள் குறுக்கிடும். எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. மாலை ஐந்துக்குள் படகுத்துறையில் இருக்கும்படி புறப்படுங்கள். போகும் வழியில் லெங்கோங் பள்ளத்தாக்கில் நிற்க விரும்பினால், ஈப்போ, கோலா கங்சார் வழியாக வருபவர்களுக்கே அது வசதி. 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த ஊர், ஆற்று மீன் சமையலுக்கும் பெயர் பெற்றது.

சினி ஏரியில் தாமரை பூத்திருக்கும் படங்களைப் பார்த்தோம். போகலாமா?

அந்தப் படங்களில் பெரும்பாலானவை பழையவை. 2009இல் மலேசியாவின் முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சினி, சுற்றுப்புறக் காடழிப்பாலும் சுரங்கங்களாலும் செம்பனைத் தோட்டங்களாலும் பெரிதும் கெட்டுப்போனது. தாமரைப் பரப்பைப் பார்ப்பதற்காக மட்டுமே போனால் ஏமாறுவீர்கள். நாக செரி குமும் என்னும் நாகத்தின் கதையையும், அந்த ஏரியை நம்பி வாழ்ந்துவரும் ஜக்குன் மக்களையும் அறிய வேண்டுமென்று போனால் அது வேறு பயணம்.

சதுப்பு ஏரியின் அழகைப் பார்க்கவேண்டும் என்றால் பெராவுக்குப் போங்கள். தீபகற்பத்தின் மிகப் பெரிய இயற்கை நன்னீர் ஏரியான அது, 1994இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநில ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்த மலேசியாவின் முதல் ஈரநிலமானது. கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ரசாவ் எனப்படும் தாழைப்புதர்கள் இருபுறமும் நெருங்கிவர, அவற்றுக்கிடையே வளைந்து செல்லும் நீர்ச்சந்துகளில் செமெலாய்ப் பூர்வகுடிப் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளும்போது வேறு ஓசையே இராது. கடைகளும் இரா, கேளிக்கைகளும் இரா. பிள்ளைகள் முதல் நாள் மாலையே சலித்துக்கொள்ளக்கூடும்; ஓரிரவு மட்டும் தங்கத் திட்டமிடுங்கள்.

நீலமாகப் பளிச்சிடும் ஈயக்குட்டைகளில் குளிக்கலாமா?

கூடாது. கரை செங்குத்தாக இறங்கும், சேறு காலைப் பிடிக்கும், உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். நீலநிறம் தூய்மைக்குச் சான்றும் ஆகாது. சரவாக்கின் பாவ் நகரில் பழைய தங்கச் சுரங்கப் பள்ளத்தில் உண்டான நீல ஏரியின் நீரில் நச்சுப்பொருளான ஆர்செனிக் கலந்திருந்ததால் அங்கே குளிப்பதற்குத் தடை வந்தது.

மற்ற ஏரிகளில் குளிப்பதால் நோய் ஏதும் வருமா?

எலிக்காய்ச்சலைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள புண் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடலுக்குள் போவதால் அது தொற்றுகிறது. கனமழைக்கு மறுநாள் குளிக்காமல் இருப்பது, காலில் காயம் இருந்தால் நீரில் இறங்காமல் இருப்பது, உணவுக்கழிவு கொட்டிக் கிடக்கும் படகுத்துறை அருகே குளிக்காமல் இருப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். வீடு திரும்பி இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஏரியில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெங்கி என்று எண்ணி நாளைக் கடத்திவிடும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் தொற்றும் ஆபத்தானது என்பதால், அவர்கள் சேற்றில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.

அட்டைகளுக்குப் பயப்படத் தேவையில்லை. நீண்ட காலுறை அணிந்தால் போதும்.

படகு வீட்டில் வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

படகு வீடு என்ற சொல் கேரளத்துக் காயல் படகுகளை நினைவூட்டுவதால் குழப்பம் வருகிறது. இங்குள்ளவை பெரும்பாலும் இரண்டு தட்டுள்ள மிதவைகள். மேல்தட்டில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு எல்லாரும் ஒன்றாகப் படுப்பார்கள். தனியறை உள்ள படகுகள் உண்டு, விலை கூடும். மேல்தட்டுக்குச் செல்லும் ஏணி முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பெரும் தொல்லை. இரவில் கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டியிருக்கும். தாத்தா பாட்டி வருவதாக இருந்தால், கரையிலுள்ள விடுதியில் தங்கிப் பகலில் மட்டும் படகில் செல்வதே எல்லாருக்கும் நிம்மதி.

முன்பணம் கட்டுமுன் முகவரிடம் எதை எதைக் கேட்க வேண்டும்?

சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் அவருக்கு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். பிறகு குழந்தைகளின் அளவுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டைகள் உள்ளனவா என்று கேளுங்கள். பெரியவர்களுக்கானதைப் பிள்ளைக்கு மாட்டினால் தலை வழியே கழன்றுவிடும். பூங்கா நுழைவுக் கட்டணம், அனுமதிச் சீட்டு, வழிகாட்டி ஆகியவை சொன்ன விலைக்குள் அடங்குமா, ஜெனரேட்டர் எத்தனை மணி வரை ஓடும், மழையால் படகு கிளம்பாவிட்டால் பணம் திரும்புமா அல்லது வேறு தேதி தருவார்களா ஆகியவற்றையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஏரியின் உட்பகுதிகளில் கைப்பேசி இணைப்பு கிடைப்பது அரிது என்பதால், வீட்டிலிருப்பவர்களுக்குத் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

சொன்னால் கிடைக்கும், ஆனால் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி வதக்கலில் பெலாச்சானும் நெத்திலியும் சேர்ப்பது கம்பத்துச் சமையலில் இயல்பு. ஆகவே பெலாச்சான், நெத்திலி, முட்டை மூன்றும் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பயணம் வெள்ளிக்கிழமையை உள்ளடக்கியதா, புரட்டாசியில் வருகிறதா என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பல படகுகளில் சமையலறை ஹலால் முறையில் நடப்பதால், நாமே இறைச்சி கொண்டுபோய்ச் சமைக்க எண்ணினால் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். கோலா பெராங்கைத் தாண்டினால் இட்லி, தோசைக்கு வழியில்லை. கிரிக்கில் இந்திய உணவுக் கடைகள் உண்டு.

சற்றுத் தள்ளி, சுமத்ராவிலுள்ள தோபா ஏரிக்குப் போவது எப்படி?

குளிர்ச்சியும் பரந்த நீரும் ஒருசேர வேண்டுமென்றால் அதற்கு நிகர் அருகில் இல்லை. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரெரிமலை வெடிப்பில் உண்டான பள்ளம் அது. 100 கிலோமீட்டர் நீளம், கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேல் உயரம், சில இடங்களில் 500 மீட்டர் ஆழம். நடுவே சமோசிர் தீவு. பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் மேடான் சென்று, தரைவழியாகப் பராபாட் போய்ப் படகேறலாம். மேடானிலேயே ஓரிரவு தங்குபவர்கள், 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலை ஒட்டிய பழைய தமிழர் பகுதியையும் பார்த்துவிடலாம். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்களில் தோபாவுக்குப் போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2018 ஜூன் 18 அன்று, பெருநாள் விடுமுறைக் கூட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றிச்சென்ற சினார் பங்குன் என்னும் படகு மூழ்கிப் பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. கூட்டம் நிறைந்த படகைக் கண்டால், அடுத்த படகு வரும்வரை கரையிலேயே இருங்கள்.

தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறோம். கொடைக்கானல் ஏரியையோ ஊட்டி ஏரியையோ சேர்த்துக்கொள்ளலாமா?

இரண்டும் வெள்ளையர் காலத்தில் உருவாக்கியவை. ஊட்டி ஏரி 1820களிலும், நட்சத்திர வடிவக் கொடைக்கானல் ஏரி 1863இலும். நம் நடு ஆண்டு விடுமுறை அங்கே கோடைக் கூட்டத்தின் கடைசிப் பகுதியோடு மோதும் என்பதால், ஏரியைச் சுற்றி நடப்பதை விடியற்காலையில் வைத்துக்கொண்டால்தான் நீரைப் பார்க்க முடியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரு ஊர்களுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; பதிவின்போது வாகன எண்ணைக் கேட்பதால், வாடகைக் கார் உறுதியான பிறகே அதற்கு விண்ணப்பிக்க முடியும்.